போர்க்காலத்தில் அடித்த கோல் கணக்கில் வராதா? ‘ராக்கெட்’ மோரிஸ் ரிச்சர்டின் கதை

1944 டிசம்பர் 28. கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் 23 வயது இளைஞர் ஒருவர் பகல் முழுக்க வீடு மாற்றிக்கொண்டிருந்தார். மேஜை, கட்டில், தட்டுமுட்டுச் சாமான் எல்லாவற்றையும் தூக்கி இறக்கிய உடம்பு. சாயங்காலம் மைதானத்துக்கு வந்தவர், ரொம்பக் களைப்பாக இருக்கிறது, இன்றைக்கு என்னிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்ற மாதிரி பயிற்சியாளரிடம் சொன்னார்.

அன்று ராத்திரி டெட்ராய்ட் அணிக்கு எதிராக அவர் அடித்தது 5 கோல். சக வீரர்கள் அடித்த இன்னும் 3 கோல்களுக்கு உதவியவரும் அவரே. அதாவது ஒரே ஆட்டத்தில் 8 புள்ளி. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்லில் அதுவரை யாரும் செய்யாத சாதனை. அதை யாராவது தாண்டுவதற்கு 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த இளைஞர்தான் மோரிஸ் ரிச்சர்ட். பிரெஞ்சு உச்சரிப்பில் ரிஷார். பட்டப்பெயர் ‘ராக்கெட்’. அந்த சீசனில் 50 ஆட்டங்களில் 50 கோல் அடித்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். ஆனால் கைதட்டலோடு கூடவே ஒரு முணுமுணுப்பும் கிளம்பியது. நல்ல வீரர்கள் எல்லாம் போருக்குப் போய்விட்ட நேரத்தில் அடித்த கோல்தானே, இதெல்லாம் ஒரு சாதனையா என்ற கேள்வி அது.

அந்தக் கேள்வி நியாயமானதா? ரிச்சர்ட் ஏன் போருக்குப் போகவில்லை? ஒரு விளையாட்டு வீரருக்குத் தண்டனை கொடுத்ததற்காக ஒரு நகரமே ஏன் கொந்தளித்தது? விரிவாகப் பார்ப்போம்.

முதலில், இது எந்த ஹாக்கி?

நம் ஊரில் ஹாக்கி என்றால் டர்ஃப் மைதானம், வளைந்த மட்டை, பந்து. கனடாவில் ஹாக்கி என்று சொன்னாலே ஐஸ் ஹாக்கிதான். உறைபனித் தரையில் ஸ்கேட்டிங் காலணியோடு ஆடுவது. பந்துக்குப் பதிலாக ‘பக்’ என்ற கெட்டியான ரப்பர் வட்டு. கோல்கீப்பரையும் சேர்த்து ஒரு நேரத்தில் ஒரு அணிக்கு ஆறு பேர். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். பக் வைத்திருப்பவரை உடம்பால் மோதித் தள்ளுவது இங்கே தப்பில்லை, ஆட்டத்தின் ஒரு பகுதி.

கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அந்த கோலுக்கு பக்கைக் கடத்திக் கொடுத்து உதவியவருக்கும் ஒரு புள்ளி. இந்த இரண்டையும் கூட்டித்தான் சீசனின் அதிகப் புள்ளி எடுத்த வீரரைத் தீர்மானிப்பார்கள். இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ரிச்சர்டின் வாழ்க்கையில் இது இரண்டு முறை குறுக்கே வரும்.

ரிச்சர்ட் ஆடிய காலத்தில் ஹெல்மெட் கிடையாது. கோல்கீப்பர்கள்கூட முகக்கவசம் இல்லாமல்தான் நின்றார்கள். ஆட்டத்தில் முகமூடி போடுவதை 1959-ல் வழக்கமாக்கிய ஜாக் பிளான்ட், ரிச்சர்டின் அணிக்காரர்தான்.

தச்சரின் மகன்

மோரிஸ் ரிச்சர்ட் 1921 ஆகஸ்ட் 4 அன்று மான்ட்ரியலில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். அப்பா ஒனேசிம் தச்சர். கனடியன் பசிபிக் ரயில்வேயில் வேலை. அம்மா அலிஸ். இருவருமே கியூபெக் மாகாணத்தின் காஸ்பே பகுதியிலிருந்து பிழைப்பு தேடி நகரத்துக்கு வந்தவர்கள்.

1930-களின் பொருளாதாரப் பெருமந்தம் இந்தக் குடும்பத்தையும் விடவில்லை. அப்பாவுக்கு வேலை போனது. வருஷக்கணக்கில் அரசு உதவியை நம்பித்தான் குடும்பம் ஓடியது. பையனோ பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்கேட்டிங் காலணியை மாட்டிக்கொண்டு, வீட்டுப் பக்கத்தில் உறைந்து கிடக்கும் ஆற்றில் இறங்கிவிடுவார். இருட்டும் வரை ஆட்டம்.

16 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு, அப்பாவோடு தொழிற்சாலைக்கு இயந்திர வேலைக்குப் போனார். வேலை ஒரு பக்கம், உள்ளூர் அணிகளில் ஹாக்கி ஒரு பக்கம். அப்படி ஆடிய இடத்தில்தான் சக வீரர் ஒருவரின் தங்கை லூசீல் அறிமுகமானார். 1942 செப்டம்பரில் கல்யாணம். பின்னாளில் இவர்களுக்கு ஏழு பிள்ளைகள்.

ராணுவம் ஏன் வேண்டாம் என்றது?

1939 செப்டம்பரில் கனடா இரண்டாம் உலகப் போரில் இறங்கியபோது ரிச்சர்டுக்கு 18 வயது. போருக்குப் போகாமல் ஒதுங்கி நின்று கோல் அடித்தவர் என்று பின்னாளில் பேசியவர்கள், இந்தப் பகுதியை விட்டுவிடுவார்கள்.

ரிச்சர்ட் ராணுவத்தில் சேர இரண்டு முறை முயற்சி செய்தார். இரண்டு முறையும் நிராகரித்துவிட்டார்கள். காரணம், அவருடைய எலும்புகள்.

1940-41 சீசனில் மான்ட்ரியல் கனடியன்ஸ் அணியின் சீனியர் அணியில் ஆடும்போது கணுக்கால் உடைந்தது. அடுத்த சீசனில் மணிக்கட்டு. எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோது, உடைந்த எலும்புகள் சரியாகக் கூடவில்லை என்று தெரிந்தது. போர்முனைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள்.

சண்டை போடத்தானே முடியாது, இயந்திர வேலை தெரியுமே என்று ராணுவத்தில் மெக்கானிக் வேலைக்கு மனுப் போட்டார். படிப்புச் சான்றிதழோ தொழிற்சான்றிதழோ இல்லை என்று அதுவும் போச்சு. சரி, அந்தச் சான்றிதழையும் வாங்கிவிடுவோம் என்று மான்ட்ரியல் தொழிற்பள்ளியில் சேர்ந்தார். படித்து முடித்துச் சான்றிதழ் கைக்கு வந்தபோது போரே முடிந்திருந்தது.

16 ஆட்டங்களில் முடிந்த முதல் சீசன்

மான்ட்ரியல் கனடியன்ஸ் அணி, பிரெஞ்சு பேசும் மக்களின் செல்ல அணி. ஆனால் 1940-களின் தொடக்கத்தில் பாவமான நிலையில் இருந்தது. கடைசியாக ஸ்டான்லி கோப்பையை வென்றது 1931-ல். ஆள் தேவைப்பட்ட நேரத்தில், 1942 அக்டோபர் கடைசியில் ரிச்சர்ட் முதன்முதலாக என்.ஹெச்.எல் ஆட்டத்தில் இறங்கினார். நவம்பர் 8 அன்று நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்கு எதிராக முதல் கோல்.

டிசம்பர் 27 அன்று பாஸ்டன் அணியோடு ஆடும்போது மறுபடியும் கால் எலும்பு உடைந்தது. 16 ஆட்டம், 5 கோல். சீசன் அவ்வளவுதான். மூன்று வருஷத்தில் மூன்று எலும்பு முறிவு. இவர் உடம்பு இந்த ஆட்டத்துக்குத் தாங்காது என்ற பேச்சு கிளம்பியதில் ஆச்சரியமில்லை.

பயிற்சியாளர் டிக் இர்வின் மட்டும் வேறு மாதிரி யோசித்தார். ரிச்சர்ட் இடது கைப் பக்கமாக மட்டை பிடிப்பவர். பொதுவாக இப்படிப்பட்டவர்களை இடது ஓரத்தில்தான் நிறுத்துவார்கள். இர்வின் அவரை வலது ஓரத்துக்கு மாற்றினார். அங்கிருந்து கோலை நோக்கி உள்ளே வெட்டி வரும்போது, மட்டை கோலுக்கு நேராகத் திறந்திருக்கும். நடுவில் எல்மர் லாக், இடது ஓரத்தில் அனுபவசாலி டோ பிளேக். இந்த மூவர் கூட்டணிக்கு ‘பஞ்ச் லைன்’ என்று பெயர்.

அந்த நேரத்தில் ரிச்சர்டுக்கு முதல் குழந்தை பிறந்தது. மகள் ஹ்யூகெட். எடை ஒன்பது பவுண்டு. அப்பா தன் ஜெர்சி எண்ணை 15-லிருந்து 9-க்கு மாற்றச் சொல்லிக் கேட்டார். ஐஸ் ஹாக்கி வரலாற்றின் புகழ்பெற்ற எண்களில் ஒன்று இப்படித்தான் வந்தது.

1943-44 சீசனில் ரிச்சர்ட் 46 ஆட்டங்களில் 32 கோல். கனடியன்ஸ் 50 ஆட்டங்களில் தோற்றது ஐந்தில் மட்டும். பிளேஆஃப் சுற்றில் டொரன்டோவை 5-1 என்று வென்ற ஓர் ஆட்டத்தில் ஐந்து கோலும் ரிச்சர்ட் அடித்தது. வழக்கமாக ஆட்டம் முடிந்ததும் சிறந்த மூன்று வீரர்களின் பெயரை அறிவிப்பார்கள். அன்றைக்கு மூன்று இடத்துக்கும் ஒரே பெயர்தான். 13 வருஷத்துக்குப் பிறகு ஸ்டான்லி கோப்பை மான்ட்ரியலுக்கு வந்தது.

50 ஆட்டம், 50 கோல்

அடுத்து வந்த 1944-45 சீசன்தான் வேற லெவல்.

அதுவரை ஒரு சீசனில் அதிக கோல் என்ற சாதனை ஜோ மலோனிடம் இருந்தது. 1917-18ல் அவர் அடித்தது 44. ரிச்சர்ட் 1945 பிப்ரவரி 25 அன்று 45-வது கோலை அடித்தார். அந்தச் சாதனை பக்கை அவரிடம் கொடுத்தது, பார்க்க வந்திருந்த மலோனேதான்.

அதற்குப் பிறகு எதிரணிகள் ஒரே குறியாக இருந்தன. 50 மட்டும் நம்மிடம் அடித்துவிடக் கூடாது. ரிச்சர்டைச் சுற்றி இரண்டு பேர், மூன்று பேர் என்று நிறுத்தினார்கள். மட்டையால் இழுத்தார்கள், கட்டிப்பிடித்தார்கள். மார்ச் 18, சீசனின் கடைசி ஆட்டம், பாஸ்டனில். ஆட்டம் முடிய இரண்டே கால் நிமிடம் இருக்கும்போது 50-வது கோல் விழுந்தது.

என்.ஹெச்.எல் வரலாற்றில் ஒரு சீசனில் 50 கோலைத் தொட்ட முதல் வீரர். அதுவும் 50 ஆட்டங்களில்.

முணுமுணுப்பில் நியாயம் இருந்ததா?

கொஞ்சம் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

போர் அந்த லீக்கையே கலைத்துப் போட்டிருந்தது. 1942-ல் நியூயார்க்கைச் சேர்ந்த அமெரிக்கன்ஸ் அணி மூடப்பட்டு, மிஞ்சியது ஆறே அணிகள். பாஸ்டனின் நட்சத்திர மூவர் மில்ட் ஷ்மிட், உடி டூமார்ட், பாபி பாவர் ஒரே நேரத்தில் விமானப்படைக்குப் போனார்கள். அவர்களுடைய கடைசி ஆட்டம் மான்ட்ரியலுக்கு எதிராகத்தான். ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணி வீரர்களும் சேர்ந்து அந்த மூவரையும் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆள் பற்றாக்குறை எவ்வளவு மோசம் என்பதற்கு நியூயார்க் ரேஞ்சர்ஸ் ஓர் உதாரணம். 1943-44ல் அந்த அணி 50 ஆட்டங்களில் ஜெயித்தது ஆறில் மட்டும். ஓர் ஆட்டத்தில் டெட்ராய்டிடம் 15-0 என்று தோற்றது. அந்த சீசனில் ரேஞ்சர்ஸ் வாங்கிய கோல் 310. போதாக்குறைக்கு, அதே சீசனில் மைதானத்தின் நடுவே சிவப்புக் கோடு போட்டு, தன் பகுதியிலிருந்து அதுவரை பக்கைக் கடத்தலாம் என்று விதியை மாற்றினார்கள். ஆட்டத்தின் வேகம் கூடியது. கோலும் கூடியது.

மான்ட்ரியல் அணி மீது தனிக் கோபமும் இருந்தது. அதன் வீரர்கள் பலர் போருக்கு அவசியமான தொழிற்சாலை வேலைகளில் இருந்ததால் ராணுவத்திலிருந்து விலக்கு கிடைத்தது. மற்ற அணிகள் வீரர்களை இழந்து தவிக்க, மான்ட்ரியல் மட்டும் கெட்டியாக நின்றது. இதற்குப் பின்னால் அரசியலும் உண்டு. கட்டாய ராணுவ சேவை பற்றி 1942-ல் நாடு முழுக்க வாக்கெடுப்பு நடந்தபோது, கியூபெக்கில் 70 சதவீதத்துக்கும் மேல் எதிர்த்து வாக்களித்தார்கள். மற்ற மாகாணங்கள் ஆதரித்தன. பிரெஞ்சுக்காரர்கள் போருக்குப் பயந்தவர்கள் என்ற ஏளனம் அப்போது சாதாரணம். அந்த ஏளனத்தில் ஒரு பங்கு, ராணுவத்தில் சேர இரண்டு முறை வரிசையில் நின்ற ரிச்சர்ட் தலையிலும் விழுந்தது.

சரி, இப்போது மறுபக்கம். பலவீனமான எதிரணிகள் ரிச்சர்டுக்கு மட்டும் கிடைக்கவில்லை. லீக்கில் இருந்த எல்லோருக்கும் அதே எதிரணிகள், அதே கோல்கீப்பர்கள்தான். அப்படியென்றால் எல்லோருமே 40, 50 என்று அடித்திருக்க வேண்டுமே? அந்த சீசனில் கோல் பட்டியலில் இரண்டாவது இடம் பாஸ்டனின் ஹெர்ப் கெய்னுக்கு. அவர் அடித்தது 32. முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் நடுவே 18 கோல் வித்தியாசம்.

ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. 1945-46ல் போருக்குப் போனவர்கள் திரும்பினார்கள். ரிச்சர்டின் கோல் 27 ஆகக் குறைந்தது. பார்த்தீர்களா, நாங்கள் அப்போதே சொன்னோமே என்றார்கள் விமர்சகர்கள். (அந்த வருஷம் கோப்பையை வென்றதும் மான்ட்ரியல்தான் என்பது வேறு விஷயம்.)

அடுத்த சீசனில் பதில் வந்தது. எல்லா நட்சத்திரங்களும் திரும்பி வந்து முழு பலத்தோடு இருந்த லீக்கில், 1946-47ல் ரிச்சர்ட் அடித்தது 45 கோல். லீக்கிலேயே அதிகம். சீசனின் மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் டிராபியும் அவருக்கே. அதிகப் புள்ளி எடுத்த வீரர் பட்டம் மட்டும் ஒரே ஒரு புள்ளியில் நழுவியது. சிகாகோவின் மேக்ஸ் பென்ட்லி 72, ரிச்சர்ட் 71.

இன்னொரு கணக்கும் உண்டு. 50 கோல் அவ்வளவு சுலபம் என்றால், அடுத்த ஆள் உடனே அடித்திருக்க வேண்டும். 1960-61 வரை யாரும் 50-ஐத் தொடவில்லை. அப்போது ஒரு சீசனுக்கு 70 ஆட்டங்கள். 50 ஆட்டங்களுக்குள் 50 கோல் என்பதை மறுபடி செய்ய 1981 ஜனவரி வரை ஆனது. செய்தவர் மைக் பாஸி.

கண்ணில் நெருப்பு

ரிச்சர்டை எதிர்கொண்ட கோல்கீப்பர்கள் பலரும் முதலில் சொல்வது அவர் கண்களைப் பற்றித்தான். கோலை நெருங்கும்போது அந்தக் கண்கள் எரியும், பார்க்கவே பயமாக இருக்கும் என்பார்கள். லீக்கிலேயே வேகமான ஸ்கேட்டர் என்று அவரைச் சொல்ல முடியாது. ஆனால் நீலக்கோட்டிலிருந்து கோல் வரைக்கும் உள்ள அந்தக் கொஞ்ச தூரத்தில், முதுகில் ஓர் ஆள் தொங்கினால்கூட நிற்க மாட்டார்.

1952 ஏப்ரல் 8. பாஸ்டனோடு அரையிறுதியின் ஏழாவது ஆட்டம். நடுவில் ஒரு மோதலில் ரிச்சர்ட் நினைவு தப்பி விழுந்தார். தலையில் காயம், தையல். கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தவர், கடைசிக் கட்டத்தில் நான்கு பேரைத் தாண்டிப்போய் வெற்றி கோலை அடித்தார். இன்றைய மருத்துவ விதிகளின்படி அவரை அன்றைக்கு மைதானத்துக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். ஆட்டம் முடிந்து, முகத்தில் ரத்தம் வழிய நிற்கும் ரிச்சர்டிடம் பாஸ்டன் கோல்கீப்பர் ஜிம் ஹென்றி குனிந்து கை கொடுக்கும் புகைப்படம், கனடாவின் புகழ்பெற்ற விளையாட்டுப் படங்களில் ஒன்று.

அதே ஆண்டு நவம்பர் 8 அன்று, முதல் கோல் அடித்து சரியாகப் பத்து வருஷம் ஆன நாளில், 325-வது கோல். என்.ஹெச்.எல் வரலாற்றில் மொத்த கோல் கணக்கில் அன்று முதலிடத்துக்கு வந்தார்.

ஆனால் அந்த நெருப்புக்கு இன்னொரு முகமும் இருந்தது. எதிரணிகள் அவரைச் சீண்டுவதற்கென்றே ஆட்களை இறக்கின. மட்டையால் குத்துவது, பிரெஞ்சுக்காரன் என்று வசை பாடுவது என எல்லாம் நடந்தது. ரிச்சர்ட் திருப்பி அடித்துவிடுவார். அபராதம் கட்டுவார். மறுபடி நடக்கும். அவர் அடித்த அடி எல்லாம் நியாயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிரெஞ்சு வீரர்கள் என்றால் தண்டனை கூடுதலாக விழுகிறது என்ற வருத்தமும் அவருக்கு இருந்தது. 1954-ல் ஒரு பிரெஞ்சு வாரப் பத்திரிகையில் தன் பத்தியில், லீக் தலைவர் கிளாரன்ஸ் கேம்ப்பெல்லை சர்வாதிகாரி என்று தாக்கி எழுதினார். விளைவு? மன்னிப்பு, நல்நடத்தைக்காக 1,000 டாலர் பிணைத்தொகை, பத்தியும் நிறுத்தம்.

கேம்ப்பெல் சாதாரண ஆள் இல்லை. ஆங்கிலம் பேசும் வழக்கறிஞர், ஆக்ஸ்ஃபோர்டில் ரோட்ஸ் உதவித்தொகையில் படித்தவர், போர் முடிந்ததும் போர்க்குற்ற வழக்குகளில் கனடா தரப்பில் பணியாற்றியவர். பெருமந்தத்தில் வளர்ந்த தொழிலாளியின் மகன் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். மோதல் வெடிக்க ஒரு வருஷம்தான் ஆனது.

1955 மார்ச் 17: நகரம் எரிந்த இரவு

1955 மார்ச் 13, பாஸ்டன். பாஸ்டன் வீரர் ஹால் லேகோவின் மட்டை ரிச்சர்டின் தலையைக் கிழித்தது. ஐந்து தையல். ஆத்திரத்தில் ரிச்சர்ட் லேகோவை மட்டையால் தாக்கினார். பிடித்து நிறுத்த வந்த லைன்ஸ்மேன் மீதும் குத்து விட்டார். அதே சீசனில் டொரன்டோவில் ஆட்ட அதிகாரி ஒருவரைத் தாக்கியதற்கு ஏற்கெனவே அபராதம் கட்டியவர்.

மூன்று நாள் கழித்து கேம்ப்பெல் தீர்ப்பு சொன்னார். சீசனில் மீதமுள்ள மூன்று ஆட்டங்கள் மட்டுமில்லை, பிளேஆஃப் சுற்று முழுவதற்கும் தடை.

மான்ட்ரியல் கொதித்தது. இதைப் புரிந்துகொள்ள அந்த ஊரின் அன்றைய நிலை தெரிய வேண்டும். கியூபெக்கில் பெரும்பான்மை பிரெஞ்சு பேசுபவர்கள். ஆனால் தொழிற்சாலை முதலாளி, வங்கி மேலாளர், பெரிய கடைக்காரர் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுபவர். நல்ல சம்பளம், பதவி உயர்வு எல்லாம் ஆங்கிலம் தெரிந்தவருக்கு. தங்களில் ஒருவர் எல்லோரையும் ஜெயிப்பதைப் பார்க்க அவர்களுக்கு இருந்த ஒரே இடம் ஹாக்கி மைதானம். அங்கேயும் ஓர் ஆங்கிலேய அதிகாரி வந்து கதவைச் சாத்திவிட்டார் என்றுதான் அந்தத் தடையை மக்கள் பார்த்தார்கள்.

மறுநாள் மார்ச் 17, மான்ட்ரியல் ஃபோரம் அரங்கில் டெட்ராய்டோடு ஆட்டம். வர வேண்டாம் என்று பலர் சொல்லியும் கேம்ப்பெல் வந்து தன் வழக்கமான இருக்கையில் உட்கார்ந்தார். முட்டை, தக்காளி எல்லாம் பறந்தன. கை கொடுப்பதுபோல் வந்த ஒருவர் அவரைக் குத்தினார். டெட்ராய்ட் 4-1 என்று முன்னிலையில் இருந்த முதல் இடைவேளையில் யாரோ கண்ணீர்ப்புகை குண்டை வீசினார்கள். தீயணைப்புத் துறை அரங்கை உடனே காலி செய்யச் சொன்னது. ஆட்டம் டெட்ராய்டுக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது.

உள்ளே இருந்த கூட்டம் வெளியே இருந்த கூட்டத்தோடு சேர்ந்தது. செயின்ட் கேத்தரின் தெரு நெடுக ஜன்னல்கள் நொறுங்கின, கடைகள் சூறையாடப்பட்டன, கார்கள் கவிழ்ந்தன. நள்ளிரவு தாண்டியும் கலவரம். பலருக்குக் காயம், ஏராளமானோர் கைது, சேதம் சுமார் ஒரு லட்சம் டாலர்.

மறுநாள் மாலை வானொலியில் ரிச்சர்ட் பேசினார். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். தண்டனையை ஏற்றுக்கொள்வதாகவும், அடுத்த வருஷம் திரும்பி வந்து கோப்பைக்காக ஆடுவதாகவும், யாரும் இனி வன்முறையில் இறங்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். ஊர் அடங்கியது. ஒரு முழு போலீஸ் படையால் முடியாததை அந்தச் சின்ன உரை செய்தது.

அவருக்குத் தனிப்பட்ட இழப்பும் இருந்தது. தடை வந்தபோது புள்ளிப் பட்டியலில் ரிச்சர்ட் முதலிடம். உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டியதானது. சொந்த அணியின் பெர்னி ஜெஃப்ரியன் 75 புள்ளியோடு தாண்டிப்போனார். ரிச்சர்ட் 74. மறுபடியும் அந்த ஒரே ஒரு புள்ளி. ராக்கெட்டின் பட்டத்தைப் பறித்தார் என்று ஜெஃப்ரியனைச் சொந்த ஊர் ரசிகர்களே கூச்சல் போட்டு அவமதித்தார்கள். கடைசிவரை ரிச்சர்டுக்கு அந்தப் பட்டம் கிடைக்கவே இல்லை.

தலைவரா, ஆட்டக்காரரா?

1960-களில் கியூபெக்கில் ‘அமைதிப் புரட்சி’ என்று சொல்லப்படும் பெரிய மாற்றம் வந்தது. கல்வி, மின்சாரம், நிர்வாகம் எல்லாவற்றிலும் பிரெஞ்சு பேசும் மக்கள் தங்கள் பங்கைக் கேட்டு வாங்கினார்கள். அதன் முதல் பொறி 1955 கலவரம்தான் என்று சொல்லும் வரலாற்று ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். ஒரு ஹாக்கி கலவரத்துக்கு இவ்வளவு கனம் வேண்டாம் என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

ரிச்சர்ட் இந்த விவாதத்தில் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. நான் ஒரு ஹாக்கி ஆட்டக்காரன், அவ்வளவுதான் என்பதே அவருடைய நிலை. போர்க்காலத்தில் அவர் கேட்காமலே ஒரு களங்கத்தைச் சுமந்தார். அமைதிக்காலத்தில் அவர் கேட்காமலே ஒரு கொடியைச் சுமந்தார்.

சொன்னபடியே திரும்பி வந்தார். பழைய கூட்டாளி டோ பிளேக் இப்போது பயிற்சியாளர். 15 வயது இளைய தம்பி ஹென்றியும் அணிக்கு வந்துவிட்டார், ‘பாக்கெட் ராக்கெட்’ என்ற பட்டத்தோடு. 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து ஸ்டான்லி கோப்பைகள். இதில் கடைசி நான்கும் ரிச்சர்ட் கேப்டனாக வென்றவை. 1957 அக்டோபர் 19 அன்று 500 கோலைத் தொட்ட முதல் என்.ஹெச்.எல் வீரர் ஆனார். 1960 செப்டம்பரில் ஓய்வை அறிவித்தார். ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்க சில வருஷம் காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி, 1961-லேயே சேர்த்தார்கள்.

ராக்கெட்டின் கணக்கு, ஒரே பார்வையில்

• என்.ஹெச்.எல் ஆட்டங்கள்: 978
• கோல்: 544, உதவி: 421, மொத்தப் புள்ளி: 965
• பிளேஆஃப் கோல்: 82
• ஸ்டான்லி கோப்பை: 8
• சீசனின் அதிக கோல்: 5 முறை
• சீசனின் அதிகப் புள்ளி: ஒரு முறைகூட இல்லை

ஓய்வுக்குப் பிறகு

வாழ்க்கை அவ்வளவு சுலபமாக இல்லை. கனடியன்ஸ் நிர்வாகம் ஒரு பதவி கொடுத்தது. பெயருக்குத்தான் பதவி, எந்த முடிவிலும் தனக்குப் பங்கில்லை என்று உணர்ந்து விலகினார். அணியோடு பல வருஷம் பேச்சே இல்லை. குடும்பத்தை நடத்த எரியெண்ணெய் வியாபாரம், தூண்டில் நரம்பு வியாபாரம், தலைமுடிச் சாய விளம்பரம் என்று என்னென்னவோ செய்தார். 1972-ல் கியூபெக் நோர்டிக்ஸ் அணியின் முதல் பயிற்சியாளராகச் சேர்ந்து, இரண்டே ஆட்டத்தில், இது நமக்கு ஆகாது என்று விலகிவிட்டார். 1980-களில்தான் கனடியன்ஸோடு உறவு சீரானது.

1996 மார்ச் 11. ஃபோரம் அரங்கின் கடைசி இரவு. பழைய வீரர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்தார்கள். ரிச்சர்டின் பெயர் வந்ததும் அரங்கமே எழுந்து நின்றது. கைதட்டல் பல நிமிடங்களுக்கு நிற்கவே இல்லை. போதும் என்று அவர் கையைக் காட்டிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. கோல்கீப்பர்களை நடுங்க வைத்த அந்தக் கண்கள் கலங்கிவிட்டன. அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் அவர் ஆடி நேரில் பார்த்ததே இல்லை.

2000 மே 27 அன்று, 78 வயதில், புற்றுநோயால் காலமானார். அஞ்சலி செலுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வரிசையில் நின்றார்கள். கியூபெக் அரசு நோட்ர டாம் பேராலயத்தில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்தியது. கியூபெக்கில் ஒரு விளையாட்டு வீரருக்கு அப்படி நடந்தது அதுவே முதல் முறை.

போர்க்கால கோல் கணக்கில் வருமா என்ற கேள்விக்கு லீக்கே ஒரு பதில் வைத்திருக்கிறது. 1999 முதல், ஒவ்வொரு சீசனிலும் அதிக கோல் அடிக்கும் வீரருக்கு ஒரு கோப்பை தரப்படுகிறது. அதன் பெயர் ‘மோரிஸ் ராக்கெட் ரிச்சர்ட் டிராபி’. கோலும் உதவியும் சேர்ந்த புள்ளிக் கணக்கு இதில் கிடையாது. கோல் மட்டும்தான். 1944-45ல் அவருக்கு அடுத்து வந்தவர் 32-ல் நின்றாரே, அதே பட்டியல்தான்.